நாற்பத்து மூன்று நொடி

மைல்ஸ் சிட்டி தாண்டிப் பதினோரு மைல்.
லாரிகள் ஒதுங்கும் சரளைத் திடலில்
வீட்டு வண்டியை நிறுத்திவிட்டு
டப்பா சூப்பைச் சுடவைத்துக் குடித்துப் படுத்தோம்.
இரவு ஒன்றேகாலுக்கு மார்லிஸ்
முழங்கையால் என் விலாவில் இடித்தாள்.
"கேட்கிறதா?"

கேட்கவில்லை.
முப்பத்தொரு வருஷம் கோதுமைக் கிடங்கில்
உலர்த்தும் விசிறிக்குக் கீழே நின்றவன் நான்.
மெல்லிய சத்தங்களெல்லாம்
சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டன:
சில்வண்டு, மைக்ரோவேவ்,
மகள் போனில் பேசும்போது வரும் 'ஸ்'.
மார்லிஸுக்குப் பாம்புக் காது.
என் பங்கையும் சேர்த்துக் கேட்டுத் தொலைக்கிறாள்.

"ஒரே ஒரு பீப். அப்புறம் ஒன்றுமில்லை.
மறந்துபோகிற நேரம் பார்த்து
இன்னொன்று."
கைக்கடிகாரத்தில் பிடித்தோம். நாற்பத்து மூன்று நொடி.

கூரையிலிருந்த புகை அலாரத்தைத் திருகி எடுத்து
பேட்டரியைப் பிடுங்கினேன்.
பீப், என்றாள்.
கேஸ் அலாரத்தின் ஃபியூஸை உருவினேன்.
பீப்.
ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், அவளுடைய பல் தேய்க்கும் மெஷின்,
போன கிறிஸ்துமஸுக்கு யாரோ கொடுத்த, பேசும் வெப்பமானி
(அதைக் கதவு திறந்து வெளியே புல்லில் எறிந்தேன்).
பீப்.
கடைசியில் மொத்தக் கரண்டையும் துண்டித்து
ஒற்றை டார்ச்சோடு இருட்டில் நின்றோம்.
அக்டோபர் குளிர், கால் கட்டைவிரல் வழியாக ஏறியது.
அவள் தலையாட்டினாள்.
இன்னும் இருக்கிறது.

ஒப்புக்கொள்கிறேன்,
அந்த நிமிஷம் அவளைச் சந்தேகப்பட்டேன்.
வாயால் சொல்லவில்லை.
டார்ச்சை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன், அவ்வளவுதான்.
"எனக்குக் கழன்றுவிட்டதா என்று பார்க்கிறாயா, வெர்லின்?"

அதைத்தான் பார்த்தேன். பார்க்கும்போதே
அவளுடைய இடது இமை
நூல் கட்டிச் சுண்டியதுபோல் துடித்தது.
மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன்.
நாற்பத்து மூன்றில் மறுபடி துடித்தது.

அப்புறம் விளக்கு அவள் முகத்தில்,
என் கை அவள் கையில்,
இருபத்தாறு அடி வண்டிக்குள்
அடி அடியாக அவளை நடத்திப்போனேன்.
டிரைவர் சீட்டில் லேசான துடிப்பு.
சிங்க் பக்கம் புருவமும் சேர்ந்துகொண்டது.
கட்டிலின் கால்மாட்டில்
தோளே குலுங்கியது.

மெத்தையைத் தூக்கி, அடிப்பலகையைத் தூக்கி,
வெந்நீர்த் தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில்
குப்புறப் படுத்துக் கையை விட்டேன்.
விரல் நனைந்தது.

குழாய் இணைப்பு ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.
அதற்கு நேர் கீழே
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி.
தண்ணீர் பட்டால் கத்துகிற சாமான்.
நாங்கள் வாங்கியதில்லை, வைத்ததில்லை.
முதுகில் ஒட்டிய நாடாவில்
பால்பாயின்ட் பேனாவால்:
"இந்த இணைப்பை நம்பாதே. டெல்பர்ட்."

டெல்பர்ட்டை நாங்கள் பார்த்ததில்லை.
சாவியை எங்களிடம் கொடுத்த அவர் மனைவி
"தண்ணீர் விஷயமெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்று
தொடங்கி, நிறுத்தி,
டயரைப் பற்றிப் பேசப் போய்விட்டாள்.

ஸ்பேனரால் அரைச் சுற்று.
மார்லிஸின் காலுறையால் பெட்டியைத் துடைத்து
இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.
"நின்றுவிட்டதா?"
என் வேலை முடிந்ததா என்பதை
அவளிடம்தான் கேட்டாக வேண்டும்.
பொறு, என்று கை காட்டினாள்.

கட்டில் விளிம்பில் முழங்கால்கள் உரச உட்கார்ந்து
அவள் இமையைப் பார்த்தபடி எண்ணினேன்.
மாடு ஏற்றிய லாரி ஒன்று கடந்துபோனது;
தரை அதிர்ந்ததில் தெரிந்துகொண்டேன்.
நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
நாற்பத்து மூன்று.
இமை அசையவில்லை.

சந்தேகத்துக்கு ஐம்பது வரை போய்
ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.
அப்போது பார்த்து
இடது கண்ணை மெல்லச் சிமிட்டினாள்.

என் கை தானாக டார்ச்சுக்குப் போயிற்று.
அவள் சிரித்தாள்.
அது எனக்கு நன்றாகவே கேட்டது.