தரைக்கடியில் ஆடு

வியாழன் இரவு ஒன்பதே கால்.
பெருநாளுக்கு மூன்று நாள் இருந்தது.
"போதும், வெளியே விடு" என்றார் தாமிர்,
கார்ச் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே.

சோதிக்க ஒன்பது நாள் கேட்டிருந்தோம்.
கிடைத்தது இரண்டரை.
மேசையில் ஆறு போன்,
ஆறும் இந்த வருடத்தில் வாங்கியவை,
கீறல் விழாத கண்ணாடி.

என் பட்டியலில் நூற்றுப் பதினொரு வரிகள்.
நாற்பத்தொன்றாவது:
'பாலைவன வரைபடம், கிணற்றுக்கு வடக்கே
ஆடு நின்ற இடத்தில் புதைகிறது.
சத்தம் நிற்பதில்லை.
இருபது முறையில் ஒருமுறை.'
முன்னுரிமை: குறைவு.
குறைவு என்று தட்டியது
என் விரல்தான்.

நள்ளிரவுக்குள்
மஸ்கட்டில் ஆடுகள் போயின.
குவைத்தில் ஒட்டகங்கள்.
மனாமாவில் யாரோ
நண்பனின் கல்யாணத்துக்குப் போட்ட கூடாரம்,
விருந்தாளிகளோடு.

பழைய போன்களில்தான் இந்தக் கூத்து.
அவற்றில் தரை மெதுவாக வருகிறது.
தரை வந்து சேரும் முன்பே
ஆடு கால் வைத்துவிடுகிறது.

ரொவீனாவிடம் எண்ணூறு புகார்கள்.
ஆங்கில எழுத்தில் இருந்த தமிழ் ஒன்றை
என் பக்கம் தள்ளினாள்:

"சார், ஜெபல் அலில வாட்ச்மேன், பேரு கொம்பையா.
என் ஆடு பூமிக்குள்ள போயிட்டு.
கத்துறது கேக்கு.
நான் நடக்குற பக்கமெல்லாம் கீழயே வருது.
காலைல ஆறு மணி வரைக்கும் டூட்டி.
சவுண்டை ஆஃப் பண்ண மனசு வரல."

நாலு மணிக்கு முடிவானது:
எல்லாவற்றையும் செவ்வாய் மாலைக்குத் திருப்பு.
ஏன் செவ்வாய்?
புதனுக்கு நகல் இல்லை.
வெளியீட்டு அவசரத்தில்
புதனை எடுத்து வைக்க ஒருவருக்கும் நினைவில்லை.

இரண்டு சொடுக்கு.
ஜன்னலின் வெளிப்பக்கம் வியர்த்து
சாலை தெரியவில்லை.
கார் நிறுத்தத்துக்குப் பின்னாலிருந்து பாங்கு.
திரையில் ஆடுகள் மேலே நின்றன,
ஒன்றும் நடக்காததுபோல்
அசை போட்டுக்கொண்டு.
தாமிர் கரக் சாயா வரவழைத்தார்.
ஆளுக்கு ஐந்நூறு பொற்காசு இழப்பீடு,
விளையாட்டுக் காசுதான்.
கைதட்டல்கூட இருந்தது.

ஆறரைக்குக் கொம்பையா மறுபடி:

"ஆடு வந்துட்டு சார், நன்றி.
ஆனா புதன்கிழமை போயிட்டு.
புதன் ராத்திரிதான் கோட்டையைப் பிடிச்சோம்,
கேம்ப்ல பதினாலு பேரும் சேந்து.
ஏழு மாசமா தோத்த கோட்டை.
நாங்க போட்ட கூப்பாட்டுல
பக்கத்து ரூம் பட்டான் எந்திரிச்சு வந்து
ஏசப் போறான்னு பாத்தா
அவனும் சேந்து கத்துனான்.
ரெண்டு பேரு நேத்தே விசா முடிஞ்சு
ஊருக்கு ஏறிட்டாங்க.
திரும்பப் பிடிக்கலாம்னு மட்டும் எழுதிராதீங்க."

அதைத்தான் எழுதியிருந்தேன்.
'தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு' என்று தொடங்கி.
அழித்தேன்.
வேறொன்றும் வரவில்லை.
அந்தக் கட்டத்தில் குச்சி மட்டும்
மின்னி மின்னி அணைந்தது.

வீட்டுக்குக் கிளம்பும் முன்
நூற்றுப் பன்னிரண்டாவது வரி சேர்த்தேன்:
'புதன்கிழமை. இருந்தது. காணவில்லை.'
முன்னுரிமை: அதிகம்.

பெருநாள் விடுமுறை முடிந்து வந்தபோது
அந்த வரி மூடப்பட்டிருந்தது.
காரணம்: மறுபடி நிகழ்த்த முடியவில்லை.
யார் மூடினார்களோ,
பொய் எழுதவில்லை.

அன்று மாலை ஷார்ஜா ரோலாவில்
தொண்ணூறு திர்ஹாமுக்கு ஒரு போன் வாங்கினேன்.
மூலையில் சிலந்திக் கீறல்,
பின்மூடிக்கு ரப்பர் பேண்ட்,
முன்பு வைத்திருந்தவன் அழிக்க மறந்த
ஓர் அலாரம், காலை மூன்று ஐம்பதுக்கு.
ஏழாவதாக மேசையில் கிடக்கிறது.
யாருடையது என்று எவரும் கேட்கவில்லை.

அதில் தரை வர நாலு நொடி ஆகிறது.
கிணற்றுக்கு வடக்கே
கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு
எண்ணுகிறேன்.
ஒன்று.
இரண்டு.
ஆட்டுக்கு அவசரம்.