விபத்து வரைபடம்

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில்
தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம்:
விபத்து நிகழ்ந்த விதத்தை வரைந்து காட்டுக.
லிந்துலைக்கு மேலே
தன்னையே திரும்பிப் பார்க்கிற அந்த வளைவு
தீப்பெட்டிக்குள் அடங்கவில்லை.
நான் கணக்கு டீச்சர். கவராயம் எடுத்தேன்.
மூன்று முறை அழித்ததில் தாள் ஓட்டையாகி
கார் இருந்த இடத்தில் மேசை தெரிந்தது.

என் கார் சின்னது, நீலம்.
லீசிங்கில் இன்னும் இருபத்தாறு மாதம் அவர்களுடையது.
நொறுங்கிய வலது கதவு மட்டும்
அன்றைக்கே முழுசாக என்னுடையது.

வேன் குருநாகலிலிருந்து வந்தது.
உள்ளே பதினொரு பேரும் ஒரு டோல்கியும்.
பனிமூட்டத்துக்குள் என் பக்கத்துக்கே வந்து
என்னை இடித்த பிறகும்
டோல்கி இரண்டு தட்டுத் தட்டித்தான் நின்றது.

சாரதிப் பையன், தினேத், ஓடிவந்தான்.
கை நடுங்க நடுங்கத் தண்ணீர்ப் போத்தலை நீட்டி
"மகே வெரெத்த, மிஸ்" என்றான். என்னுடைய பிழை.
பாதி குடித்தேன், பாதி சேலையில்.
அதை அங்கேயே எழுதி வாங்கியிருக்க வேண்டுமாம்,
ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சொன்னார்கள்.
தண்ணீர் தருகிறவனிடம்
கையெழுத்துக் கேட்க எனக்கு வரவில்லை.

நான்கு நாள் கழித்து, பொலிஸ் புத்தகத்தில்:
எதிரே வந்த வாகனம் வீதியின் நடுவில் வந்தது.
வாசித்துக் காட்டிய சார்ஜன்ட் நிமிரவில்லை.
மகேயும் இல்லை, வெரெத்தவும் இல்லை.
முதலாளி சொல்லிக் கொடுத்திருப்பார்.
அந்த வேனும் ஏதோ லீசிங்கில்தான் ஓடுகிறதாம்.

ஹட்டன் கிளையில் டோக்கன் நாற்பத்தொன்று.
கண்ணாடிக்குப் பின்னால் அருள்ராஜ் கனிவாகத்தான் பேசினார்:
"பிழை ஐம்பதுக்கு ஐம்பது என்று போனால்
சுருக்காக முடிந்துவிடும், டீச்சர்.
இல்லாவிட்டால் ஒரு சாட்சியாவது வேண்டும்."
பிறகு தேய்மானம் கழித்தார்.
கதவுக்கு, கண்ணாடிக்கு, ரப்பர் பீடிங்குக்கு.
என் வலது தோளுக்கு நிரல் இல்லை.
ஐந்தில் மூன்றின் பாதி எவ்வளவு?
எட்டாம் வகுப்புக்கு நான் கொடுக்கிற கணக்கு.

சாட்சி தேடிப் போனேன்.
அன்றைக்கு வளைவுக்கு மேலே கொழுந்தெடுத்தவர்கள் ஒன்பது பேர்.
பொலிசுக்கு வந்தால் அரைப்பேர்தான் விழும் என்றார்கள் எட்டுப் பேர்.
பேர் என்றால் அங்கே ஒரு நாள் கூலி.
ஒன்பதாவது ஆள் கனகவள்ளி.
மகன் என் வகுப்பில், கடைசி வாங்கு.
கூடையை இறக்காமலே சொன்னாள்:
"சத்தத்தைத்தான் பார்த்தேன், டீச்சர்.
திரும்புறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.
நீங்க சொல்லச் சொன்னா சொல்றேன்.
வேன் எந்தப் பக்கம் வந்துச்சுன்னு சொல்லணும்?"

சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்துவிட்டேன்.
அந்த முதலாளியும்
இப்படித்தான் திறந்திருப்பார்.
உண்மைதானே, உண்மையைத்தானே, என்று
நாக்கு ஒரு நொடி வாதாடியது.
"வேண்டாம். மழை வருது, போங்க" என்றேன்.
மழை வரவில்லை.

ஐம்பதுக்கு ஐம்பதில் கையெழுத்திட்டேன்.
பேனாவை நூலால் கட்டியிருந்தார்கள்.
"ஏற்றுக்கொள்கிறேன்" என்று அச்சிட்ட சொல்லின் மேல்
கையெழுத்தின் வாலைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

காசோலை வரும்வரை ஏழு வாரம்
இடது கதவால் ஏறி, சேலை கியரில் சிக்க,
என் இருக்கைக்கு நானே விருந்தாளியாகப் போனேன்.
இப்போது நீலக் காருக்கு வெள்ளைக் கதவு,
கம்பளையில் கழற்றி எடுத்தது.
பெயிண்டுக்குப் பணம் எட்டவில்லை.
பிள்ளைகள் தூரத்திலேயே கண்டுபிடித்து
ஹோம்வேர்க் கொப்பியைத் தேடுகிறார்கள்.

அந்த வளைவில் இரண்டு முறை ஹோர்ன் அடிக்கிறேன்.
மேலே செடிகளுக்கிடையில் ஒரு தலை நிமிரும்.
வீதியைப் பார்க்கும்,
நான் கடந்து போகும்வரை பார்க்கும்.
கை அசைக்க மாட்டாள்.
இரண்டு கையிலும் கொழுந்து.