ஓட்டையா, கோடா

முனிச்சாலைச் சந்தில் சாந்தாராமின் கொட்டகை.
கவிழ்த்த பெயிண்ட் டப்பாமேல்
இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார்,
வேறு யார் வண்டிக்கோ வந்தவை.
"ஓட்டை போட்டதா, கோடு போட்டதா?
பார்த்துட்டுச் சொல்லுங்க டாக்டர்.
நாலு மணிக்குள்ள ஆர்டர் போட்டாத்தான்
வெள்ளிக்கிழமை வரும்."

முதல் தட்டு,
இடியாப்ப அச்சுக்கு வெள்ளி முலாம் பூசியதுபோல்.
கண் அதைவிட்டு நகரவில்லை.
இரண்டாவதில்
ஆறே ஆறு கோடுகள், வளைந்து,
அவசரத்தில் யாரோ நகத்தால் கீறியதுபோல்.

"ஓட்டைவழியாச் சூடு போகும்,
பேடு எரிஞ்ச காத்து போகும்,
மழைன்னா தண்ணியும் போயிரும்" என்றார்.
மழை என்றதும் இருவருமே சிரித்துவிட்டோம்.
வைகைப் பாலத்தைத் தாண்டித்தான் வந்திருந்தேன்.

"கோடு, பேடைச் சீவிக்கிட்டே இருக்கும்.
சீவுறதால பேடு சீக்கிரம் தேயும்.
அழுத்தினா உறுமும்.
பக்கத்து சீட்டுல இருக்கவங்க
என்ன சத்தம்னு கேப்பாங்க."
பக்கத்து சீட்டில் யாருமில்லை, சாந்தாராம்.
தலையாட்டிக்கொண்டார்,
பில் புத்தகத்தில் அதையும் குறித்துக்கொள்வதுபோல்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு
வியாபாரத்துக்கு ஆகாத ஒன்றைச் சொன்னார்:
"சாதாத் தட்டே போதும்.
நல்ல பேடு, புது பிரேக் ஆயில்,
அதுலயே முக்கால்வாசி சரியாயிரும்."
தெரியும் என்றேன்.
தெரிந்துதான் கேட்டேன்.

போன ஞாயிறு, சிறுமலை இறக்கம்.
மேலிருந்து ஆறாவது வளைவில்
மிதி பஞ்சாகிப் போனது.
முன்னால் பலாப்பழ வண்டி.
பின்பலகையில் பொறுத்தார் பூமியாள்வார்.
பழங்களின்மேல் உட்கார்ந்திருந்தவர்
என்னைப் பார்த்தார், என் பம்பரைப் பார்த்தார்,
தொங்கவிட்டிருந்த கால்களை
மெதுவாக மேலே எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது கியர். ஒன்று.
எஞ்சின் கதறியது. கைபிரேக்.
ஒரு சாண் இருந்தது.
அவர் என்மீது கோபப்படவேயில்லை,
அதுதான் இன்னும் உறுத்துகிறது.
இறங்கிப் பார்த்தேன்:
சக்கரத்துக்குள் தட்டு நீலம் பாரித்து
விஷம் குடித்தவன் நகம்போல.
பலாவாசனையோடு கலந்து
கருகிய வாசனை மதுரைவரை வந்தது.

மூன்றரைக்குத் தெப்பக்குளம் கிளினிக்.
நாற்காலியில் நெல்பேட்டை அரிசிக்கடை முத்தழகு,
கீழ்க் கடைவாய்ப்பல்.
யாரோ முன்பு துளைத்து அடைத்தது.
அடைப்பின் ஓரத்தில் தொடங்கியிருந்தது விரிசல்,
மயிரிழை,
அடுத்த பள்ளத்துக்கு வழி விசாரித்துக்கொண்டு.

பதினாறு வருடமாகத் துளை போட்டுத்தான் பிழைக்கிறேன்.
நல்ல துளை, தேவையான துளை,
பில்லுக்காகப் போட்டதில்லை ஒன்றுகூட
(ஒன்று உண்டு. அதை விடுங்கள்).
கடிக்கிற நாளெல்லாம்
அந்த வட்ட விளிம்புதான் பாரம் சுமக்கும்.
உடைந்தால் அங்கிருந்துதான் உடையும்.
இரும்புக்கு மட்டும் வேறு சட்டமா?

போன் அடித்தது.
என் இரண்டு கையும் அவர் வாய்க்குள்.
ரெஜினாள் காதோரம் பிடித்தாள்.
"மணி மூணு அம்பத்தெட்டு" என்றது சாந்தாராம் குரல்.
"கோடு" என்றேன்.
"ஓடா?" என்றார் முத்தழகு, பஞ்சு அடைத்த வாயோடு,
கண் இரண்டும் என்மேல்.
ஆமாங்க, கோடுதான்.
உங்களுக்கு ஒரு தொப்பி போட்டால் தாங்கும்.
பொய்யில்லை.

வெள்ளி வரவில்லை, திங்கள் வந்தது.
புதுத் தட்டைப் பழக்க வேண்டுமாம்:
அறுபதிலிருந்து இருபதுக்கு,
நிற்காமல், பத்துத் தடவை.
விடியுமுன் சுற்றுச்சாலை.
அழுத்து. விடு. அழுத்து.
ஒவ்வொரு அழுத்தலுக்கும் அடியிலிருந்து
தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம்,
பேச வாயெடுத்துவிட்டு
வேண்டாமென்று விட்டவர்போல்.

எட்டாவது தடவையில்
பால்கேனோடு வந்த ஒருவர்
மொபெட்டைப் பக்கத்தில் ஓட்டிவந்து
கண்ணாடிவழியே கேட்டார்:
"இப்பதான் ஓட்டப் பழகுறீங்களா?"
நிறுத்தத்தான், என்றேன்.
அவருக்குக் கேட்கவில்லை.
ஒதுங்கி வழி விட்டார்.
இன்னும் இரண்டு பாக்கி.