பேசாதவங்க கோயில்

நகரியில் நாங்கள் பதினொரு பேர் மிச்சம்.
ஆண்டறிக்கையில் பதினான்கு என்று எழுதினேன்.
பெங்களூர் போன மூன்று பேர்
பெயரை வெட்டச் சொல்லி இன்னும் கடிதம் போடவில்லை.

ஒப்புரவுச் சபை என்றால் ஊரில் யாருக்கும் தெரியாது.
பேசாதவங்க கோயில் என்றால்
ஆட்டோக்காரர் சரியாக இறக்கிவிடுவார்,
மாங்கூழ் ஆலையின் பின்சுவரை ஒட்டி.

எங்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு சட்டம்.
சபையில் இரண்டு பேர் பேச்சை விட்டிருந்தால்
அப்பம் இல்லை.
அவர்களுக்கு மட்டுமல்ல, யாருக்கும்.
மேசைமேல் வெள்ளைத்துணி மூடியே கிடக்கும்.
பாட்டு, ஜெபம், காணிக்கை, வீடு.

தொண்ணூற்றாறில்
ஏனோக்கும் அவன் தம்பி ஏசுதானமும்
நாலு விசைத்தறியைப் பாகம் பிரிக்கையில் முறைத்துக்கொண்டார்கள்.
பதினேழு மாதம்.
நிறைமாத வயிற்றோடு ஒருத்தி எழுந்து கேட்டாள்,
நான் யாரோடும் சண்டை போடலையே, என் பங்கு எங்கேன்னு.
பதில் சொல்ல ஆள் இல்லை.
அவள் குடும்பம் போனது, பின்னாலேயே ஒன்பது குடும்பம்,
சாலைக்கு எதிர்ப்பக்கம், ஜீவ ஊற்று ஜெபவீட்டுக்கு.
அங்கே டிரம்ஸ் உண்டு, இரண்டு மொழியிலும் பிரசங்கம் உண்டு,
முதல் ஞாயிறு தவறாமல் அப்பம் உண்டு.
ஆண்டவரும் உண்டு. பொய் சொல்லக் கூடாது.
ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன்,
அந்த அழுகை நிஜம்.

இப்போது அவர்கள் எங்கள் கட்டடத்தைக் கேட்கிறார்கள்.
விலையும் நியாயமான விலைதான்.
புத்தூரிலிருந்து வந்த கண்காணி ஐயா
விதை மண்ணில் சாகாமல் கதிர் ஏது என்றார்.
நானும் மாந்தோப்பில் பிறந்தவள் ஐயா,
செத்த கொட்டையெல்லாம் முளைப்பதில்லை
என்று வாய்வரைக்கும் வந்தது.
டீ கொடுத்தேன்.

ராத்திரி தூக்கமில்லை.
ஒரு பெயர்ப்பலகை பிழைக்கவா அவர் சிலுவை சுமந்தார்?
இல்லை.
ரசீதுப் புத்தகத்துக்கும் ரப்பர் முத்திரைக்கும்
ஒழுகுகிற ஓட்டுக்கும்?
இல்லவே இல்லை.
ஆனால் இரண்டு பேர் மனத்தாங்கலுக்காக
முப்பது பேர் பசியோடு காத்திருந்த மேசை
இந்த ஊரில் வேறெங்கும் இல்லை.
அதை எந்தப் பத்திரத்தில் எழுதி
யார் பெயருக்கு மாற்றுவது?
சார்பதிவாளர் ஆபீசில் இருபது வருஷம் எழுதுகிறேன்.
கிணற்றுக்கு நாலெல்லை உண்டு,
மாட்டுவண்டித் தடத்துக்கு உண்டு,
காத்திருப்பதற்கு இல்லை.

வாக்கெடுப்பு வருகிற ஞாயிறு.
அதற்கு முன் கடைசியாய் ஒருமுறை
அப்பம் பகிர்வோமே என்றார் ஐயா.
பதினொரு பேரும் தரையைப் பார்த்தோம்.

அவருக்குத் தெரியாது.
திருவிருந்து எத்தனை முறை என்ற கட்டத்தில்
மூன்று வருஷமாக ஒரு கோடு மட்டும் போட்டு அனுப்புகிறேன்.
காரணம் நானும் தயாமணியும்.
என் மகன் கல்யாணப் பந்தியில்
அவள் சொன்ன ஒரு வார்த்தை,
அதற்கு நான் சொன்ன இரண்டு.
சபை தேய்கிறது என்று ஊரெல்லாம் புலம்பியவள் நான்.

நேற்று சாயங்காலம் ஏகாம்பரக்குப்பம் போனேன்.
அவள் கொட்டகையில் ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன.
வாசலில் நின்று சொன்னேன், கேட்கவில்லை.
கிட்டப் போய்ச் சொன்னேன், காதைக் காட்டினாள்.
தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை கத்தினேன்.
அந்த இரைச்சலில்
மன்னிப்பும் வசவு மாதிரிதான் இருந்திருக்கும்.
அவள் முகம் மாறியது.
பிறகு ஒவ்வொரு தறியாக நிறுத்திக்கொண்டே வந்தாள்.
ஐந்தாவதில் ஓர் இழை அறுந்திருந்தது.
குனிந்து அதை முடிந்தாள்,
நிதானமாக,
நான் நிற்பது தெரிந்தே.
ஆறாவது தறி
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.