இடப்பக்க இருக்கை

பஸ் வருது.
ஒதுங்குங்க.
மாடு. இன்னொரு மாடு.
இப்ப போகலாம்.

நாலு வருஷமாய் இதுதான் என் பேச்சு.
கோத்தகிரி மார்க்கெட் வரைக்கும் இதே,
சனிக்கிழமை குன்னூர் ஆஸ்பத்திரிக்கும் இதே.
என்னிடம் லைசென்ஸ் கிடையாது.
கிளட்ச் எந்தக் காலுக்கு என்றுகூடத் தெரியாது.
ஆனாலும் ஞானாபரணத்தின் மாருதியை
பாதி நான்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்,
நாக்கால்.

அவருக்கு எழுபத்தெட்டு.
வலது கண்ணில் லென்ஸ் வைத்தாயிற்று.
இடது கண்ணை, பார்க்கலாம் பார்க்கலாம் என்றே
மூன்று மழைக்காலம் தள்ளிவிட்டார்.
இடப்பக்கம் வருவதெல்லாம்
வந்த பிறகுதான் அவருக்கு வரும்.

ஓசூரிலிருந்து மகன் போனில்:
"வண்டிய வித்துடுங்கப்பா."
இவர் போனை என்னிடம் நீட்டிவிட்டு
பானெட்டைத் துடைக்கப் போவார்.
மகன் சொல்வது சரிதான்.
எங்கள் மேட்டுக்கு மினிபஸ் ஒரு நாளைக்கு இரண்டு,
மழை என்றால் ஒன்று,
அதன் முதல் படி என் முட்டிக்கு எட்டாது
என்பதும் சரிதான்.

லைசென்ஸ் காலாவதியாகி ஒன்றரை வருஷம்.
சும்மா புதுப்பிக்க முடியாது,
திரும்ப ஓட்டிக் காட்டணும் என்றார்கள் ஊட்டியில்.
"பதினெட்டு வயசுல காட்டினது போதாதா"
என்று முனகிக்கொண்டே
ஷூவுக்குப் பாலிஷ் போட்டார்.
சட்டைப்பையில் சீப்பு வைத்துக்கொண்டார்.
அன்று காலை ஜெபத்தில் நான் கேட்டதை
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.
ஆண்டவரே, இவரை ஃபெயிலாக்கும்.

திடலில் நல்ல வெயில்.
இன்ஸ்பெக்டர் பெள்ளிராஜ் என் கதவைத் திறந்து
"நீங்க இறங்கிக்கணும்மா" என்றார்.
என் தலைக்குத் தோதாய்ப் பள்ளமான இடத்தில்
அவர் தொப்பி.

கயிற்றுக்கு வெளியே
எல்போர்டுப் பிள்ளைகளோடு நின்றேன்.
கொடி நட்ட மண்ணில்
மாடு இல்லை, மூடுபனி இல்லை,
எதிரில் வர யாருமே இல்லை.
இவர் ஒரு எட்டுப் போட்டார்.
கேட்காமலே, அதே தடத்தின் மேல் இன்னொன்று.
ஒரு பையன் விசிலடித்தான்.
எனக்கே கொஞ்சம் பெருமையாய்த்தான் இருந்தது,
அதை என்ன செய்ய.

"கை இன்னும் அப்படியே இருக்கு சார்."
கையைத்தான் பார்த்தார்.
கண்ணுக்கு ஒரு காகிதம் இருந்தது.
கையெழுத்துப் போட்ட டாக்டர்
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

திரும்பும்போது தொட்டபெட்டா தாண்டிப் பனி.
தூனேரிக்கு மேலே, சில்வர் ஓக் மறைக்கிற
இடது வளைவு ஒன்று வரும்.
அங்கே நான் வாயை மூடிக்கொண்டேன்.
வேணுமென்றுதான்.
கொடி நடாத பரீட்சை ஒன்று
நானும் வைத்துப் பார்க்கலாம் என்று.
விரல்கள் மட்டும் கதவுப் பிடியில்.

ஹாரன் அடித்தார்.
இன்னொரு முறை அடித்தார்.
வேகம் குறைந்தது, குறைந்தது,
வளைவுக்கு நாலு கஜம் முன்னே
வண்டி நின்றேவிட்டது,
இன்ஜின் நடுங்கிக்கொண்டு.

என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:
"ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறே?"

அப்புறம் மெதுவாய்,
"தெரியலம்மா. நிஜமாவே தெரியல."

ஐம்பத்தொரு வருஷத்தில்
இந்த வார்த்தையை அவர் என்னிடம் சொன்னது
இது இரண்டாம் முறை.
முதல் முறை எதற்கென்று
இங்கே வேண்டாம்.

பனிக்குள் இரண்டு விளக்கு மஞ்சளாய் வளர்ந்து
ஒரு கேரட் லாரி
எங்களை உரசாமல் இறங்கிப் போயிற்று.
பின்னால் ஹாரன்கள்.
"சுவரோரமா ஒதுக்குங்க."
ஒதுக்கினார்.
சாவியைத் திருப்பினார், உருவவில்லை.
ஃப்ளாஸ்கில் காப்பி இருந்தது, ஒரே மூடி.
முதலில் அவர், பிறகு நான்.
டாஷ்போர்டில், ஐந்து வருஷத்துக்கான ரசீது
ஈரத்தில் சுருள ஆரம்பித்திருந்தது.

வீடு இன்னும் பதினாலு வளைவு தள்ளி.
டாக்ஸிக்கார போஜன் நம்பர் எழுதிய சீட்டு
மூன்று மாதமாய் என் பர்ஸில் கிடக்கிறது.
எடுத்து மடியில் வைத்தேன்.
அப்போதுதான் அவர்
தலையை முழுக்க இந்தப் பக்கம் திருப்பி
வலது கண்ணால் பார்த்தார்,
முதலில் சீட்டை,
பிறகு என்னை.