துவக்கு

எங்கள் ஊர்ப் பேச்சில்
ஆரம்பி என்பதற்கும் துவக்குத்தான்,
சுடுகிற சாமானுக்கும் துவக்குத்தான்.
சோகாரில், தமிழர் விளையாட்டுப் போட்டியில்,
பதினொரு வருஷமாக
இரண்டும் என் கையில்.

கிழமை நாட்களில் அலுமினிய ஆலையில்
பாரந்தூக்கி ஓட்டுகிறவன் நான்.
மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும்
வெள்ளைத் தொப்பி, விசில்,
வெற்றுவெடி போடும் பிஸ்டல்.

போன வருஷம், நானூறு மீட்டர்.
நாலாம் பாதையில் பெர்ஜின்,
குளச்சல்காரப் பெடியன், பதினாறு வயது.
சப்பாத்து நாடாவை மூன்று முறை கட்டினான்,
மூன்று முறை அவிழ்த்தான்.
தாய் செல்வராணி, ஆஸ்பத்திரி நர்ஸ்,
கயிற்றைத் தாண்டி வந்து கதைத்தாள்:
"மொவனுக்கு ஆட்டிசம். வெடிச் சத்தம் ஆவாது.
ஒரு கொடி வீசுவீங்களா?"

நான் சொன்னேன்:
"விதி எல்லாருக்கும் ஒண்டுதான் அக்கா.
போகப் போகப் பழகும்.
எனக்குப் பழகேல்லையா?"

சுட்டேன்.
ஏழு பேர் ஓடினார்கள்.
அவனை அரை மணித்தியாலம் கழித்து
தண்ணீர் பவுசருக்கு அடியில் கண்டுபிடித்தோம்.
இரு காதிலும் கை. முழங்கால் முழுக்கச் சரளைக் கல்.
தாளில் எழுதினேன்:
நாலாம் பாதை, வரவில்லை.

அன்றிரவு கேம்ப் அறையில் ஏசி நின்று
படாரென்று உதறித் திரும்பவும் ஓடியது.
நான் கட்டிலுக்குக் கீழே கிடந்தேன்.
எப்போது இறங்கினேன்?
மேல்கட்டில் வங்காளி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல்
தலையணையை இறக்கித் தந்தான்.

பழகியது எண்டேனே.

பிறகு தமக்கை அபிஷா
குழுவுக்குக் கடிதம் போட்டாள்.
மூன்று மாதம் இழுபட்டது.
"ஒருத்தனுக்காக மாத்த ஏலுமோ?"
பொருளாளர் கேட்டார்.
"ஒருத்தன்தான் வந்தான்.
வராதவங்கள யாரு எண்ணுனா?"
அவள் நாற்காலியில் இருக்கவேயில்லை,
பேசி முடியும்வரை.
நான் கையை உயர்த்தி
எனக்கும் சத்தம் வேண்டாம் என்றேன்.
ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.
நல்லதாய்ப் போயிற்று.

இந்த வருஷம் எட்டுப் பேருக்கும் கொடி.
ஆலையில் கிழிந்த செம்மஞ்சள் பாதுகாப்புச் சட்டையை
வெட்டி நானே தைத்தது.
அதுவரை ஓட்டக்காரரின் உச்சந்தலையைத்தான் பார்த்திருக்கிறேன்.
சத்தத்துக்குக் காத்திருப்பவன் குனிந்துதானே நிற்பான்.
இன்று எட்டு முகங்கள் என் பக்கம்.
பெர்ஜின் மட்டும் என்னைப் பார்க்கவில்லை,
துணியின் ஓரத்தைப் பார்த்தான்,
மீன்காரன் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல.

கொடி விழுந்தது.
இவ்வளவு பேர் ஓடும் சத்தம்
இப்படி இருக்குமென்று எனக்குத் தெரியாது.

ஆறாவதாக வந்தான்.
சுண்ணாம்புக் கோட்டை மிதிக்க மாட்டானாம்.
ஓர் அடி முன்னால் நின்று
இரண்டு காலும் சேர்த்துத் தாண்டினான்.
எந்த நொடியைக் குறிப்பதென்று
நேரம் பார்ப்பவர்கள் இன்னும் சண்டை.

கைதட்ட வேண்டாம், கையை அசையுங்கள் என்று
அபிஷா வரிசை வரிசையாய்ச் சொல்லியிருந்தாள்.
பாதிப் பேர் மறந்து தட்டினார்கள்.
அவன் காதைப் பொத்திக்கொண்டு நடந்தான்,
பவுசருக்கு அல்ல, என்னிடம்.
கொடியை வாங்கி
வெள்ளிப் பட்டியை நகத்தால் தடவி,
"கோணலாத் தச்சிருக்கு" என்றான்.

வேறொன்றும் சொல்லவில்லை.

பிஸ்டலை ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டேன்.
பழைய தாளைத் தேடி எடுத்து
"வரவில்லை" என்பதை வெட்டி
"வந்திருந்தான்" என்று எழுதிக் கையொப்பமும் வைத்தாயிற்று.
மணி பதினொன்று. வங்காளி நித்திரை.
மடியில் கொடி.
அவன் சொன்னது சரிதான்,
இடது பக்கம் அரை விரல் இறங்கித்தான் போயிருக்கிறது.
தையலைப் பிரிக்கிறேன்.