தொடர்ச்சி

என் வேலை ஞாபகம் வைத்திருப்பது.
போன காட்சியில் பாதர் எமிலியாம்பிள்ளையின்
தேத்தண்ணி எந்த அளவில் நின்றது,
கழுத்துப் பட்டி எந்தப் பக்கம் சாய்ந்தது,
பிரதர் றொசான் கடித்த பிஸ்கட்டில்
விளம்பரக்காரரின் எழுத்து எத்தனை மிச்சம்.
கிராண்ட்பாஸில், டயர்க்கடைக்குப் பின்னால்,
தகரக் கூரை போட்ட மண்டபத்தில்
ஆறு வருசம் இதைத்தான் எழுதினேன்.
மழை வந்தால் ஒலிப்பதிவு நிற்கும்.
மழை விட்டதும் நான் சொல்லவேண்டும்,
மழைக்கு முன் யார் எங்கே சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்று.

'அறைவீட்டில் மூவர்.' வெள்ளி இரவு ஏழரைக்கு.
மூன்று குருமார், ஒரு குசினி,
திறந்தால் மூடாத ஒரு பிரிட்ஜ்.

எமிலியாம்பிள்ளையாக நடித்தவர் நவநீதராசா,
வெள்ளவத்தைச் சைவர், முட்டைகூடத் தொடார்.
பெருநாள் விருந்துக் காட்சிகளில் அவர் கடித்த கோழிக்கால்
சாயம் பூசிய வாழைக்காய்.
முதல் நாளே சிக்கல்.
கலியாண மோதிரம் விரலை விட்டு வரவில்லை.
சவர்க்காரம் போட்டோம், தேங்காயெண்ணெய் போட்டோம்,
கடைசியில் மேலே ஒரு பிளாஸ்டர்.
சுவாமிக்கு விரலில் காயம். அவ்வளவுதான்.
என் கொப்பியில் முதல் வரி:
"பா.எ. வலக்கை, மோதிரவிரல், பிளாஸ்டர். எப்போதும்."

எப்போதும் என்றால்
இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு வாரம்.
சனங்கள் எழுதினார்கள்: பாதருக்குச் சீனி வருத்தமா?
மட்டக்குளியிலிருந்து ஒரு போத்தல் மருந்தெண்ணெய் வந்தது.
முகத்துவாரத்து ஜசிந்தா குரூஸ்
செவ்வாய்தோறும் கொச்சிக்கடையில்
அந்த விரலுக்கென்று மெழுகுதிரி கொளுத்தினார்.
கதை எழுதும் குணபாலன் சமாளிக்கப் பார்த்து
ஒரு வாரம் முழுக்கக் காயத்தைப் பற்றியே எழுதினான்.
மணிக்கயிறு என்றார் ஒருவர், டின்மீன் என்றார் ஒருவர்,
ஆயரின் நாய் என்றார் எமிலியாம்பிள்ளை.

கடைசி வாரத்துக் கதை பெரிதில்லை.
ஆயரிடமிருந்து கடிதம். மூவருக்கும் இடமாற்றம்.
எமிலியாம்பிள்ளைக்கு மன்னார்.
பிரிட்ஜை யார் கொண்டுபோவது என்று சண்டை.
சண்டை ஓய்ந்து, வசனம் இல்லாமல்,
அவர் மூன்று கோப்பையையும் கழுவவேண்டும்.

கழுவினார்.
அது உண்மையான தண்ணீர்,
இதற்கென்றே டயர்க்கடையிலிருந்து குழாய் இழுத்திருந்தோம்.
இரண்டாவது கோப்பையில் பிளாஸ்டர் கழன்று
நுரையோடு போனது.

கீழே மோதிரம் இல்லை.
வெயில் படாத தோல், ஒரு வளையம்,
துருவிய தேங்காயின் நிறத்தில்.

எல்லாவற்றையும் எழுதுகிறவள் நான்.
எந்த மாதம் அது கழன்றது,
தானாகவா, யாரும் கழற்றச் சொல்லியா,
எத்தனை வெள்ளி வெறும் விரலில்
வீட்டிலேயே பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு
நூறாம் இலக்க பஸ் பிடித்து வந்தார்,
எதுவும் என் கொப்பியில் இல்லை.

நான் கத்தவேண்டும். கத்தினால் எல்லாம் நிற்கும்,
புதிதாக ஒன்று ஒட்டுவார்கள்,
கழுவிய கோப்பைகளை மறுபடி அழுக்காக்குவார்கள்.
பென்சில் கையில்தான் இருந்தது.
அவர் மூன்றாவது கோப்பையை எடுத்தார்.
என்னைப் பார்க்கவில்லை, விரலையும் பார்க்கவில்லை.
துடைத்தார். கவிழ்த்து வைத்தார்.
கட் என்றார்கள். கை தட்டினார்கள்.

பிறகு கேக். முட்டை போடாத கேக்.
இடக்கையை நீட்டி வாங்கினார்,
மன்னிக்கவேணும் என்றார்.
வலக்கை அங்கிப் பைக்குள் இருந்தது.

ஒளிபரப்பன்று ஏழேகாலுக்கு
எங்கள் தெருவுக்குக் கரண்ட் போனது.
அந்த இடத்தை வெட்டினாயா என்று
எடிட்டர் இம்தியாஸைக் கேட்டிருக்கலாம்.
கேட்டால் அவனும் பார்ப்பான். கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு தபாலட்டை.
பெறுநர்: பாதர் எமிலியாம்பிள்ளை, ரி.வி.
"சுவாமி, கோப்பை கழுவுற நேரம் பார்த்தேன்.
புண் ஆறிட்டுது. அந்தோனியாருக்குத் தோத்திரம்.
மன்னாரில வெயில் கூட, தழும்பைக் கவனமாப் பாருங்க.
பிரிட்ஜ் கடைசியில யாருக்கு?
ஜசிந்தா குரூஸ்."

அவருக்கு அனுப்பவேண்டும்.
வெள்ளவத்தை வீட்டில் இப்போது
வேறு யாரோ போனை எடுக்கிறார்கள்.

பிரிட்ஜ் என்னிடம் இருக்கிறது.
கதவுக்குக் கதிரை ஒன்று முட்டுக்கொடுத்திருக்கிறேன்.